ஈவும் மீதியும்

மார்ச் 3, செவ்வாய்

புது மேலாளர் அம்மா வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் பரணில் கிடப்பதையெல்லாம் இறக்க ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகளுக்கான எங்கள் கணக்குப் பயிற்சி ப்ரோக்ராமில் இனி 'ஸ்கிப்' என்று ஒன்றுகூட இருக்கக் கூடாதாம்.

யார் எதை மாற்றினாலும் ஒரு வரிசை டெஸ்ட்கள் தானாக ஓடும். இரண்டும் மூன்றும் ஐந்துதானே, பத்தில் நான்கு போனால் ஆறுதானே என்று மெஷின் தன்னையே கேட்டுப் பார்த்துக்கொள்ளும். சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. சிவப்பை வைத்துக்கொண்டு புதுசாக எதையும் வெளியே அனுப்ப முடியாது. அதனால் அடம்பிடிக்கிற டெஸ்டுக்கு மேலே ஸ்கிப் என்று ஒரு வார்த்தை எழுதி ஓரமாக உட்கார வைத்துவிடுவோம். பிறகு அதை யாரும் சீண்டுவதில்லை. போர்டு முழுக்கப் பச்சைப் பசேல் என்று இருக்கும்.

என் தலையில் விழுந்தது வகுத்தல் டெஸ்ட். ஸ்கிப்புக்குப் பக்கத்தில் காரணம் எழுதியிருந்தது: "தற்காலிகம். அப்புறம் பார்க்கலாம்." எழுதியவர் வேலையை விட்டே போய்விட்டார்.

சாயங்காலம், வெளியூரில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் போன் செய்தார். காற்றாலைக் கோபுரத்திலிருந்து இறங்கியதும் கூப்பிடுவார். பின்னால் அடிக்கிற காற்றில் பாதிப் பேச்சு பறந்துவிடும். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன சொல்லட்டும் என்று கேட்டார். "உங்க இஷ்டம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 4, புதன்

ஸ்கிப்பை எடுத்தேன். சிவப்பு.

மார்ச் 6, வெள்ளி

டெஸ்ட் கேட்பது பெரிய கம்ப சூத்திரம் இல்லை. மைனஸ் 7-ஐ 2-ஆல் வகு. வந்த ஈவை இரண்டால் பெருக்கு, மீதியைக் கூட்டு. பழையபடி மைனஸ் 7 வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் வகுத்தல் விடையைச் சரிபார்ப்போமே, அதேதான். எங்களுக்கு மைனஸ் 5 வருகிறது.

பக்கத்து நாற்காலி நியாயஸ்தரிடம் காட்டினேன். எதற்கும் கைவசம் ஒரு நியாயம் வைத்திருப்பார், அதனால் அந்தப் பெயர். அவருக்கும் தெரியும், கோபப்பட மாட்டார். எட்டிப் பார்த்துவிட்டு, ரெண்டுதானே இடிக்குது, மைனஸ் வந்தால் ரெண்டைக் கழித்துவிடுங்கள், ஜோலி முடிந்தது என்றார். எனக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். கழித்தேன். மைனஸ் 7 பச்சையானது. அதுவரை தேமே என்று சரியாக இருந்த மைனஸ் 6 மைனஸ் 8 ஆகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. பழையபடி மாற்றி வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அத்தை, என் மாமியார், முழங்கையில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளியலறையில் வழுக்கிவிட்டதாம், நேற்றே. என்னிடமே இன்றுதான் சொல்கிறார். இரவு மகன் கூப்பிட்டபோது, "எங்களுக்கு என்னடா குறை, ராஜாத்தி மாதிரி இருக்கோம்" என்று வீங்கிய கையாலேயே போனைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நானும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியுமா என்ன.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைதான் மோசம். மற்ற நாட்களை ஆபீஸ் தின்றுவிடுகிறது.

ஜனவரியில் வந்து போனபோது விட்டுப்போன சட்டை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. துவைக்கவில்லை. துவைத்தால் அவர் வாசனை போய்விடும். துவைக்காவிட்டாலும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இன்று முகர்ந்து பார்த்தேன், பாதிக்குமேல் கதவின் மரவாசனைதான். கட்டிலில் இன்னமும் சுவரோரம்தான் படுக்கிறேன். அவர் பக்கத்தில் மடித்த துணி, சார்ஜர், படிக்காத புத்தகம் எல்லாம் குடியேறிவிட்டன. அவர் வருகிறார் என்றால் இடத்தைக் காலி செய்து கொடுக்கிறேன், வாடகைக்கு விட்ட மாதிரி.

நாற்பத்தொரு வயதில் ஒருத்தி புருஷனுக்காக இப்படி ஏங்குகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? மூன்று வருடம் ஆகிவிட்டது, பழகியிருக்கும் என்று நினைப்பார்கள். எனக்குப் பழகவே இல்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே டீ குடித்தால்கூட எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுகிறேன். அவர் அப்படித்தான் குடிப்பார். அது எனக்கு முன்பெல்லாம் எரிச்சலாக வரும்.

வந்துவிடுங்கள் என்று சொன்னால் என்ன? அவருக்கே தோன்ற வேண்டாமா? கேட்டு வாங்குவதற்கு அன்பு என்ன அரைக் கிலோ வெங்காயமா? இன்னொன்றும் இருக்கிறது. கோபுரத்து உச்சியில் நின்றால் அடுத்த ஊரில் பெய்கிற மழை நடந்து வருவது தெரியும் என்று சொல்லும்போது அவர் குரல் பையன் குரல் ஆகிவிடும். அந்த மனிதரை இறங்கி வா என்று எந்த வாயால் சொல்வது.

மார்ச் 10, செவ்வாய்

என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்கத்தான் போனை எடுத்தேன். குழாய் ரிப்பேர்காரர் வந்துவிட்டார். நல்ல சாக்கு.

மார்ச் 13, வெள்ளி

கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

"நீதானே இஷ்டம்னு சொன்ன" என்றார். நல்லதுதான் என்றேன். குரல் நன்றாகத்தான் இருந்தது, அதில் எனக்கு நல்ல பயிற்சி. அத்தை போனை வாங்கி, உடம்பைப் பார்த்துக்கோ, இங்கே ஒரு கவலையும் இல்லை என்றார். அப்புறம் சமையலறைக்குப் போய், கழுவி அடுக்கின பாத்திரத்தையே திரும்ப எடுத்துக் கழுவினார்.

ரெண்டு வருஷம். இன்னும் ரெண்டு வருஷம். அந்த மனுஷன் 'உனக்கு எப்படி இருக்கும்'னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? — கேட்டார். அன்னிக்கே கேட்டார். நான்தான் பெரிய தியாகி மாதிரி இஷ்டம்னு சொன்னேன். இப்ப யாரைப் போய் அடிக்கிறது?

மார்ச் 14, சனி

எழுத ஒன்றும் இல்லை. தலைவலி.

மார்ச் 16, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்.

ஈவு கண்டுபிடிக்கிற பகுதி ஒரு கோப்பில் இருக்கிறது, மீதி கண்டுபிடிப்பது இன்னொன்றில். ஈவை எழுதியது நம் நியாயஸ்தர். மீதியை எழுதியது வேலையை விட்டுப் போனவர். மைனஸ் 7-ஐ இரண்டால் வகுத்தால் மைனஸ் மூன்றரை. நியாயஸ்தர் அந்த அரையை வெட்டிவிட்டு மைனஸ் 3 என்கிறார். அப்படியானால் மீதி மைனஸ் 1 வர வேண்டும். ஆனால் போனவருடைய விதியில் மீதி மைனஸாக வரவே கூடாது, அவர் கொடுப்பது பிளஸ் 1. அதற்கு ஈவு மைனஸ் 4 ஆக இருந்திருக்க வேண்டும். இவர் ஈவையும் அவர் மீதியையும் கொண்டுவந்து ஒன்றாக நிறுத்தினால் மைனஸ் 5.

இத்தனைக்கும் தனித்தனியே இரண்டும் சரி. ஈவுக்கு ஒரு டெஸ்ட், பச்சை. மீதிக்கு ஒரு டெஸ்ட், அதுவும் பச்சை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற டெஸ்ட் இது ஒன்றுதான். இதைத்தான் ஸ்கிப் செய்து வைத்திருக்கிறார்கள்.

கண்டுபிடித்தால் துள்ளிக் குதிப்பேன், எப்போதும் அப்படித்தான். இன்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். 

மார்ச் 17, செவ்வாய்

போனவரைப் போனில் பிடித்தேன். என் மீதியில் ஒரு குற்றமும் இல்லை என்றார். நியாயஸ்தரைக் கேட்டேன். என் ஈவில் ஒரு குற்றமும் இல்லை என்றார். இரண்டு பேருமே ஆதாரத்தோடு பேசுகிறார்கள். ஒருவர் சொல்கிற மாதிரி வகுக்கிற மெஷின்களும் உண்டு, மற்றவர் சொல்கிற மாதிரி வகுக்கிற மெஷின்களும் உண்டு. இரண்டு பேரும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வருடக்கணக்காக உட்கார்ந்தவர்கள். "மைனஸ் வந்தா நீ என்ன பண்ணுவ?" என்று ஒருவரையொருவர் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். கேட்க வேண்டியிருக்கும் என்றே இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மேலாளர் அம்மா சொன்னார்: யார் சரி என்று பார்க்காதீர்கள், பிள்ளைகளுக்கு எது வேண்டும் என்று பாருங்கள். நமக்குப் பாடம் பார்த்துக் கொடுக்கிற கணக்கு டீச்சரைக் கேளுங்கள்.

இன்று போனில் அவர் சாப்பிட்டாயா என்றார். சாப்பிட்டேன் என்றேன். நீங்கள் என்றேன். ஆச்சு என்றார். மூன்று வருடமாக இந்த டெஸ்ட் மட்டும் தவறாமல் பச்சை.

மார்ச் 18, புதன்

டீச்சர் யோசிக்கவே இல்லை. "மிஞ்சினது எப்படிம்மா மைனஸ்ல இருக்கும்? பிள்ளைங்க என்னைப் பிச்சு எடுத்துடுவாங்க" என்றார். ஆக, மீதி அப்படியே இருக்கும், ஈவுதான் மாற வேண்டும்.

நியாயஸ்தருக்கு முகம் சுண்டிவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியென்றால் தன்னுடையது தப்பு என்று எழுதப்போகிறீர்களா என்றார்.

"தப்புன்னு யாருங்க சொன்னாங்க? தனித்தனியா இருக்கிறவரைக்கும் ரெண்டும் சரிதான். சேர்ந்து இருக்கணும்னா யாராவது ஒருத்தர் மாத்திக்கணும்."

சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. வகுத்தலுக்கு அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன், மூன்றாம் வகுப்பைச் சேர்க்காவிட்டால். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவரே அந்த வரியை மாற்றினார். மைனஸ் 7 பச்சை. மைனஸ் 6 பச்சை. சந்தேகத்துக்கு மைனஸ் 8-ஐ மூன்றால் வகுத்துப் பார்த்தோம், அதுவும் பச்சை. வீட்டில் எல்லாம் சரிதானே என்று மெதுவாகக் கேட்டார். சரிதான் என்றேன். சொன்ன மறுநிமிடம் எழுந்து மாடிப்படிக்குப் போய் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

அவர் எடுத்ததும் கேட்டது அம்மாவுக்கு ஏதாவதா என்றுதான். பகலில் நான் கூப்பிட்டதே இல்லை.

"அத்தைக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான். எனக்கு நீங்க வேணும். இன்னும் ரெண்டு வருஷம் என்னால முடியாது. இந்த மூணு வருஷமே முடியல."

  காற்றுக்கு நடுவில், "கையெழுத்துப் போட்டப்புறம் சொல்றியே" என்றார். அவர் வைத்தாரா, லைன் அறுந்ததா தெரியவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே யாரோ கதவைத் திறந்து சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். நானும் சிரித்தேன்.

மார்ச் 19, வியாழன்

போன் வரவில்லை.

மார்ச் 20, வெள்ளி

வரவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்த ஒரு 'சாப்பிட்டாயா'வும் போச்சு.

அத்தை என்னவென்று கேட்டார். மறைக்கிற தெம்பு இல்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மகனைப் பிடுங்கப் பார்க்கிறாள் என்று திட்டுவார், அல்லது சம்பளத்தைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். அவரோ டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 21, சனி

காலையிலேயே கூப்பிட்டார். காற்றுச் சத்தம் இல்லை, அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறார் என்று தெரிந்தது. கோபத்தில்தான் இரண்டு நாள் பேசவில்லை என்றார். என்மேல் இல்லையாம், என்மேல் கொஞ்சம்தானாம்.

அப்புறம் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"வேண்டாம்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். ஆனா எப்ப கூப்பிட்டாலும் உங்க ரெண்டு பேர் குரல்லயும் ஒரு குறையும் தெரியல. நான் இல்லாம வீடு நல்லா நடக்குது, நான் வந்து என்ன பண்ணப்போறேன்னு தோணிச்சு. அதான் போட்டேன்."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாங்கள் அவர் கவலைப்படக் கூடாது என்று பூசி மெழுகினால், அவர் அதைப் பார்த்துவிட்டுத் தனக்கு இங்கே இடம் இல்லை என்று நினைத்திருக்கிறார். போன் என் கையிலிருந்து போய்விட்டது. அத்தை.

"வழுக்கி விழுந்தேன்டா. கை இன்னும் மடங்கல. உன்கிட்ட சொல்லல" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "எனக்கு நீ இருக்கிற இடம் போதும். எந்த ஊரா இருந்தா எனக்கென்ன" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று அவர் நேற்றே கேட்டுப் பார்த்துவிட்டாராம். முடியாதாம். அப்படியென்றால் மாற்றிக்கொள்ள வேண்டிய அந்த ஒருத்தர் யார்? ஆபீஸில் வீரமாகப் பேசியது இப்போது என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. நியாயஸ்தர் முகம் அன்றைக்கு ஏன் அப்படிச் சுண்டியது என்று புரிகிறது. தப்பே செய்யாமல் மாறுவது கஷ்டம்தான்.

மார்ச் 24, செவ்வாய்

வீட்டுக்காரர் இருக்கிற ஊருக்கே போய் அங்கிருந்து வேலை செய்யட்டுமா என்று மேலாளர் அம்மாவிடம் கேட்டேன். வீட்டிலிருந்தே வேலை, மாதம் ஒரு தடவை இங்கே வந்து தலை காட்ட வேண்டும், மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஒரேயடியாகச் சரி என்று சொல்லவில்லை. நியாயஸ்தர் இதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்: எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் மைனஸ் 7 மைனஸ் 7-தானே.

மார்ச் 29, ஞாயிறு

எனக்கு இந்த வீடு பிடிக்கும். இந்தத் தெரு, ஆபீஸுக்கு நடந்து போகிற வழி, என் நாற்காலி, மதியம் நாலு பேர் சேர்ந்து கேலி பேசிச் சாப்பிடுவது. இன்று பூராவும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். போகாத இடத்துக்கு ஏங்குவது போதாதென்று இப்போது இன்னும் விட்டுப்போகாத இடத்துக்கும் ஏங்க ஆரம்பித்தாயிற்று. எனக்கு ஏங்குவதற்கு ஏதாவது இருந்துகொண்டே இருக்க வேண்டும் போல.

ஏப்ரல் 11, சனி

மூட்டை கட்டுகிறோம். அத்தை காலி டப்பா ஒன்றைக்கூட விட மாட்டேன் என்கிறார். அங்கே டப்பா கிடைக்காதா என்றேன். இந்த மூடி கிடைக்குமா என்றார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

வந்தாயிற்று. கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்டவெளி, வரிசையாகக் காற்றாலைகள். வீடு சின்னது. ஜன்னல் வழியாகத் தூசி சலித்துவிட்ட மாதிரி விழுகிறது.

அவரும் நானும் பெண் பார்த்த அன்று முதன்முதலாகச் சந்தித்தவர்கள் மாதிரி நடந்துகொள்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே சாப்பிட்டாயா என்று கேட்டார், தட்டு என் கையில் இருக்கிறது. இரவு நான் சுவரோரம் படுத்தேன். அவர் கட்டிலின் விளிம்பில், விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. தள்ளிப் படுங்கள் என்று சொல்ல எனக்கு வெட்கம்.

சமையலறை ஜன்னலிலிருந்து அவருடைய கோபுரம் தெரிகிறது. உச்சியில் ஆள் நிற்பது தெரியாது, அவ்வளவு தூரம். ஆனாலும் வேலைக்கு நடுவில் எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன். பக்கத்தில் வந்தால் ஏக்கம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். சாயங்காலம் ஆறு மணி எப்போது வரும் என்று இருக்கிறது.

மே 17, ஞாயிறு

இன்று பெரிய சண்டை. ஜன்னலால். அவருக்கு எந்நேரமும் காற்று வேண்டும், திறந்து போட்டுவிட்டுப் போகிறார். என் மேஜை, கம்ப்யூட்டர், அத்தையின் டப்பாக்கள் எல்லாம் மண். நான் சாத்தினேன். அவர் திறந்தார். மறுபடி சாத்தினேன். மூன்று வருடம் தனியாக இருந்து யாரையும் மதிக்காமல் பழகிவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டேன். நீ மட்டும் என்ன, உன் வீட்டில் எனக்கு ஒரு கொடிகூடக் கிடைத்ததில்லை, எல்லாவற்றிலும் உன் துணிதான் என்றார். எப்போதிலிருந்து இதை மனதில் வைத்திருக்கிறார்! நானும் விடவில்லை. டீ குடிக்கும்போது ஆட்டுகிற காலையும் இழுத்தேன்.

இந்த மூன்று வருடத்தில் நாங்கள் சண்டை போட்டதே இல்லை. போனில் எப்படிப் போடுவது, கோபமாக வைத்துவிட்டால் அடுத்த நாள் வரை யார் தாங்குவது. இரண்டு நாளைக்கு ஊருக்கு வருகிற மனிதரோடு யார் மல்லுக்கு நிற்பார்கள். இன்று இரண்டு பேரும் அவசரமே இல்லாமல், ஒன்றையும் மிச்சம் வைக்காமல் போட்டோம்.

இப்போது அவர் கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அத்தை டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார். நான் முதலில் பேசப்போவதில்லை. அவரும் பேச மாட்டார், வீம்பு பிடித்த மனிதர். பேசாவிட்டால் போகட்டும். நாளைக்கும் இங்கேதானே இருக்கப்போகிறார்.